இடது கையில் கட்டிய பட்டை

ஒருவன் தாடையில் எங்கே அடித்தால் எத்தனை பல் விழும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பதினோரு வருடம் ரக்பி ஆடியவன் நான். டாக்டர் மகராஜுக்கு மேல் வரிசையில் நாலு, கீழ் வரிசையில் இரண்டு என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன்.

“ரோட்டைப் பாத்து ஓட்டு, கருவாட்டு மண்டையா. பல்லை அப்புறம் எண்ணலாம்,” என்றாள் உனைசி.

“நான் பல்லை எண்ணறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“உதடு அசையுது. ஆறுல நின்னுடுச்சு. டாக்டருக்கு அவ்வளவுதான் பல்லா?”

“மீதியை அவர் சூப்பு குடிக்கட்டும்னு விட்டுட்டேன், மரவள்ளி மூட்டை.”

உனைசி பதினான்கு வருடம் போலீஸில் சார்ஜென்டாக இருந்தவள். மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வராததால் வேலையை விட்டுவிட்டு, எங்கள் தீவின் லௌடோகா நகரத்தில் ஒரு புடவைக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். நான் அவளுக்கு டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருபவன், எல்லாம். எங்கள் இரண்டு ஊர்களும் தௌவூ. அதாவது அவள் ஊர்க்காரர்களை நான் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யலாம், என் ஊர்க்காரர்களை அவள் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு வழக்கம் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் என்றைக்கோ கோர்ட்டில் நின்றிருப்போம்.

ஆனால் அன்று பின் சீட்டில் வசேமதா அண்ணி இருந்தாள். கறுப்பு உடை. மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். எங்கள் கிண்டலுக்கு அவள் சிரிக்கவில்லை. அண்ணன் போய் எழுபது நாள் ஆகியும் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

என் அண்ணன் சகியுசா, பஸ் டிரைவர். சர்க்கரை வியாதி அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலி. நாலு வருடம் இப்படி ஓடியது. கடைசியில் இந்தியாவுக்குப் போய் மாற்று சிறுநீரகம் வைத்துக்கொள்வதென்று முடிவானது. சிறுநீரகம் என்னுடையது. கிராமமே பணம் சேர்த்து அனுப்பி வைத்தது.

போகுமுன் இதயத்தைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகம் செத்தவர்களுக்கு இதயமும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே வரும். சர்க்கரையும் சேர்ந்தால் நெஞ்சுவலிகூடத் தெரியாது. அதனால்தான் இதயத்தை வேகமாக ஓடவைக்கும் மருந்தை ஏற்றி, ஸ்கேனில் பார்த்து, ‘தாங்கும்’ என்று ஒரு இதய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் மகராஜ் போட்டார். குதிரை இதயம் என்று சொல்லாத குறைதான்.

அண்ணன் ஆபரேஷன் மேஜையிலேயே செத்தான். பிறகு பார்த்தால் இதயத்தின் மூன்று குழாய்களும் அடைத்துக் கிடந்தன. அதற்குள் என் சிறுநீரகத்தை எடுத்து அவனுக்குள் வைத்துவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு நிமிடம் அது அவனுக்கு வேலை செய்தது. அவனோடு சேர்த்துத்தான் அதையும் புதைத்தோம். குழியில் முதல் மண்ணைப் போடும்போதே நான் சபதம் செய்துவிட்டேன். இதற்குக் காரணமானவனை நான் சும்மா விடுவதில்லை.

“அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை காட்டுங்க,” என்று உனைசி திரும்பிக் கை நீட்டினாள்.

அண்ணி ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். சோதனை நடந்த அன்று ஸ்கேன் எடுத்தவன் கையால் எழுதிய குறிப்பு. நாங்கள் நகல் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிப் பெண் கவனிக்காமல் இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு வரி: ‘இரத்த அழுத்தப் பட்டை — இடது கை.’

அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அண்ணி நேற்று எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள்.

“இடது கையில யாரையும் அவர் பட்டை கட்ட விட மாட்டார். அந்தக் கையிலதான் டயாலிசிஸ் ஊசி போட ரெண்டு ரத்தக்குழாயை ஒண்ணாச் சேர்த்து வச்சிருந்தாங்க. இறுக்கிக் கட்டினா அடைச்சுக்கும். கடைக்குட்டி அந்தக் கை மேல சாஞ்சாலே கத்துவார். தூங்கும்போதுகூடத் தலையணை மேலதான் வச்சிருப்பார்,” என்றாள் அண்ணி.

“டயாலிசிஸ் நோயாளி எவனும் அந்தக் கையை நீட்ட மாட்டான். அப்போ கட்டில்ல படுத்திருந்தது சகியுசா இல்ல,” என்றாள் உனைசி.

“வேற எவனோ நல்ல இதயத்துக்காரனோட படத்தை வச்சு சர்டிபிகேட் வித்திருக்கான் அந்த டாக்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றேன் நான்.

உனைசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கரும்பு ஏற்றிய லாரிகள் ஆலைக்கு வரிசையில் நின்றன.

“அன்னிக்கு நீயும்தானே கூட வந்தே?” என்று கேட்டாள்.

“ஆமா. தானம் கொடுக்கறவனுக்கும் டெஸ்ட் உண்டே. ஏற்கெனவே அரசு ஆஸ்பத்திரியில எனக்கு சாதாரண ஸ்கேன் எடுத்திருந்தாங்க. மருந்து ஏத்தி இன்னொண்ணு எடுக்கணும்னு இந்தியாவுல கேக்கறாங்கன்னு அண்ணன் சொன்னான். முதல்ல அவன் போனான், அப்புறம் நான் போனேன்.”

“அவன் உள்ள எவ்வளவு நேரம் இருந்தான்?”

“பத்து நிமிஷம். ‘எனக்கு முடிஞ்சுது, நீ போ’ன்னான்.”

“உனக்கு?”

“முக்கால் மணி நேரம். நல்ல இதயம்னா ரசிச்சுப் பாப்பாங்கல்ல?”

அவள் இதற்கும் சிரிக்கவில்லை. தௌவூக்காரி சிரிக்க மறுத்தால் ஏதோ சரியில்லை என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது கண் முன்னால் ஆறு பல்தான் தெரிந்தது.

*

கடற்கரைச் சாலையில் இருந்தது டாக்டரின் ஆஸ்பத்திரி. அண்ணியைக் காரிலேயே இருக்கச் சொன்னாள் உனைசி. அண்ணி ஜன்னல் வழியாக என் சட்டையைப் பிடித்தாள்.

“காலியோவா, எனக்கு ஆறுதல் வேண்டாம். பாதிரியார் தினமும் வந்து கொடுக்கறாரு. எனக்கு ஒரு பேரு வேணும். என் பிள்ளைங்க அப்பனை அந்த மேஜையில ஏத்தினவன் பேரு.”

“அரை மணி நேரத்துல கொண்டு வர்றேன் அண்ணி.”

ரிசப்ஷனில் லிட்டியா என்ற பெண் இருந்தாள். காதுக்குப் பின்னால் பூ, உதட்டில் புன்னகை, கையில் பாதி தின்ற ரொட்டிச் சுருள். உனைசி தன் அட்டையைக் காட்டினாள்.

“சகியுசா துய்லாவா ஃபைல் எங்ககிட்ட இருக்கு. அதே நாள்ல அவர் தம்பி காலியோவா துய்லாவாவுக்கும் இங்க டெஸ்ட் நடந்திருக்கு. அந்த ஃபைல் வேணும்.”

லிட்டியா கம்ப்யூட்டரைத் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள்.

“அப்படி ஒரு பேரே இல்லியே.”

“பாத்தியா!” என்று நான் மேஜையில் குத்தினேன். ரொட்டிச் சுருள் எகிறியது. “என் ஃபைலையும் தூக்கிட்டானுங்க. தடயத்தை அழிக்கறானுங்க. திருட்டுக் கும்பல்!”

“மேஜை என்ன பாவம் பண்ணுச்சு? கையை எடு,” என்றாள் உனைசி. பிறகு லிட்டியாவிடம், “அன்னிக்கு ஸ்கேன் எடுத்தவர் யாரு?”

“ஷல்வின். ரெண்டாவது ரூம்.”

ஷல்வின் ஒல்லியான இளைஞன். கண்ணாடி போட்டிருந்தான். நாங்கள் கதவைத் திறந்தபோது ஸ்கேன் மெஷின் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். முதலில் உனைசியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

கப் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுபது நாளில் அதுதான் முதல் சந்தோஷம். குற்றவாளியின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

“பாரு உனைசி, என்னைப் பாத்ததுமே கால் ஆடுது. ஒரே தள்ளு தள்ளினா எல்லாத்தையும் கக்கிடுவான்.”

“நீ தள்ளினா குடலையும் சேர்த்துக் கக்குவான். மூலையில போய் நில்லு.” அவள் கதவைச் சாத்தினாள். “ஏன் தம்பி, கப்பு ஏன் விழுந்துச்சு?”

“கை... கை நழுவிடுச்சு மேடம்.”

“சரி. நழுவட்டும். அதைப் பத்தி இப்போ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும். சகியுசா துய்லாவாவோட படம் மெஷின்ல இருக்கா?”

இருந்தது. ஷல்வின் பொத்தானை அழுத்தினான். சாம்பல் நிறத் திரையில் ஒரு இதயம் துடித்தது. முதலில் நிதானமாக, அடுத்த படத்தில் மருந்து ஏறியபின் வெறி பிடித்த மாதிரி. எனக்கு அது மீன் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. யாரோ ஒரு தடியன் இதயம். என் அண்ணனைக் கொன்ற இதயம்.

“நாலு வருஷமா டயாலிசிஸ்ல இருக்கறவனுக்கு இதயம் எப்படி இருக்கும் தம்பி?”

“அநேகமா சுவர் தடிச்சிருக்கும் மேடம். பிரஷர், தண்ணி தேங்கறது, எல்லாத்தையும் தாங்கித் தாங்கி.”

“இந்தச் சுவர்?”

அவன் எச்சில் விழுங்கினான். “தடிக்கல. இது விளையாட்டுக்காரன் இதயம் மாதிரி இருக்கு.”

“அன்னிக்கு இது உங்க கண்ணுல படலியா?”

“பட்டுச்சு. சீட்டு ஓரத்துல கேள்விக்குறி போட்டு எழுதினேன் மேடம். பாருங்க.” ஃபைலில் இருந்தது. பென்சிலில், சின்னதாக: ‘சுவர் தடிப்பு இல்லை?’ “டாக்டர் பாத்துட்டுக் கேப்பாருன்னு நெனச்சேன். கேக்கல.”

உனைசி திரைக்கு அருகில் குனிந்தாள். “இது என்ன, குறுக்கே நூல் மாதிரி ஒண்ணு ஓடுது?”

“சில பேருக்குப் பிறவியிலேயே இருக்கும். இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவருக்கு ஒரு சின்ன நார். ஒரு கெடுதலும் இல்ல. ஆனா இவ்வளவு சாய்வா, நடுவுல கிளை பிரிஞ்சு நான் பாத்ததில்ல.”

“நல்லா ஞாபகம் வச்சுக்கறதுக்குத் தோதான நூல்தான்.” அவள் நிமிர்ந்தாள். “இன்னொண்ணு. உங்க மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு எனக்குச் சந்தேகம். இவனைப் படுக்க வச்சுக் காட்டுங்க.”

“என்னையா? எனக்கு எதுக்கு? அந்தத் தடியனைத் தேடறதை விட்டுட்டு...”

“சட்டையைக் கழட்டு, கருவாட்டு மண்டையா.”

குரல் வேறு மாதிரி இருந்தது. நான் கழற்றினேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னான் ஷல்வின். அந்தப் பக்கம்தான் எனக்கு ஆபரேஷன் தழும்பு, படுத்தால் சுருக்கென்று குத்தும். பல்லைக் கடித்துக்கொண்டேன். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினான்.

“டாக்டரோட ஒரு பல்லு உன் கணக்குல வரும் உனைசி,” என்றேன். “இந்தப் பசைக்காக.”

நான் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்.

மீன் மூச்சு விட்டது. சுவர் மெலிசாக இருந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சாய்வாக, நடுவில் கிளை பிரிந்து, ஒரு நூல்.

பக்கத்துத் திரையில் அண்ணன் பெயருக்குக் கீழே உறைந்து நின்ற படத்தையும் பார்த்தேன். அதே நூல்.

“இல்ல,” என்றேன்.

“உன் அரசு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுலயும் ஒரு வரி இருந்துச்சு காலியோவா. ‘பிறவி நார், கெடுதல் இல்லை’ன்னு. நேத்து உன் அண்ணி ஃபைல்ல படிச்சப்போ அது எனக்கு ஒண்ணுமில்லாத வரி.” உனைசி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். “ஷல்வின், இப்போ சொல்லுங்க. கப்பு ஏன் விழுந்துச்சு?”

ஷல்வினுக்கு அழுகையே வந்துவிட்டது. “இவர் செத்துட்டார்னு சொன்னாங்க மேடம். சகியுசா துய்லாவா இந்தியாவுல செத்துட்டார்னு. நான் டெஸ்ட் பண்ணின சகியுசா இவர்தான். கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தா நான் என்ன பண்ணுவேன்?”

“எங்கிட்ட சகியுசாவான்னு நீ கேட்டியா?” என்று கத்தினேன்.

“உங்க கையில இருந்த சீட்டுல அந்தப் பேருதான் சார் இருந்துச்சு. நீங்கதான் சார் நீட்டினீங்க.”

நீட்டினேன். அண்ணன் என் கையில் மடித்துக் கொடுத்தான், நான் நீட்டினேன். மூத்தவன் கொடுக்கிற காகிதத்தை எங்கள் வீட்டில் யார் பிரித்துப் படித்திருக்கிறார்கள்? ‘அங்க போ’ என்றால் போவோம், ‘படு’ என்றால் படுப்போம். ஷல்வின் இடது கையில் பட்டையைக் கட்டினான், கட்டிக்கொண்டேன்.

“வெளியில ஒருத்தர் உக்காந்திருந்தார்,” என்றான் ஷல்வின் மெதுவாக. “அந்த வெயில்ல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன். அதனாலதான் ஞாபகம். முதல்ல உள்ள வந்து, ‘என் அண்ணனுக்கு டெஸ்ட், இதயம் சரியில்லன்னு வந்தா என்ன ஆகும்’னு கேட்டார். குழாயைச் சரி பண்ணின பிறகுதான் சிறுநீரகம்னு சொன்னேன். அதுக்கு வெளிநாட்டு டாக்டருங்க வரணும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஆகும்னும் சொன்னேன். ‘அவ்வளவு நாள் நாற்காலியில உக்கார முடியாது தம்பி’ன்னார். ஒரு பத்து நிமிஷம் பேசியிருப்போம்.”

“அது அவனுக்கு முன்னாடியே தெரியும். சும்மா உறுதிப்படுத்திக்கிட்டிருக்கான்,” என்றாள் உனைசி. “காலையில டயாலிசிஸ் நர்ஸுக்கு போன் பண்ணினேன். மார்ச்சுல தலைநகர் சுவாவுல ஒரு டெஸ்ட் எடுத்து, இதயம் தாங்காதுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டாங்களாம். வீட்டுல சொல்லிட்டேன்னு நர்ஸுகிட்டச் சொல்லியிருக்கான்.”

“காலையிலேயே தெரிஞ்சும் நீ எங்கிட்டச் சொல்லல.”

“நீ கார் ஓட்டிட்டிருந்தே. பின்னாடி உன் அண்ணி இருந்தா.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். பசை வயிற்றில் வழிந்தது. எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? எழுபது நாள் சேர்த்து வைத்த பழி முழுவதும் கையில் இருந்தது. இறக்கி வைக்க இடமில்லை. அண்ணன் கல்லறையைத் தோண்டி, அவனை வெளியே இழுத்து, தோளைப் பிடித்து உலுக்கி, “ஏண்டா, ஏண்டா நாயே எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டு இரண்டு அறை விட வேண்டும் போல இருந்தது. என் சிறுநீரகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் போலவும் இருந்தது. அவன் வேண்டும் போலவும் இருந்தது.

அப்போதுதான் கதவு திறந்தது. டாக்டர் மகராஜ். வெள்ளைக் கோட்டு, பளபளவென்று ஷூ, எண்ணி வைத்த அந்த ஆறு பல்லும் பத்திரமாக.

“என்ன நடக்குது இங்க? யாரு இந்த ஆளு? சட்டையில்லாம?”

உனைசி என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். டாக்டரின் முகம் முதலில் கறுத்தது, பிறகு மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்போ என் ரிப்போர்ட் தப்பில்ல மேடம். எனக்குக் காட்டின இதயம் நல்ல இதயம். ஏமாத்தினது அவங்க குடும்பம். ஊர் பூரா என்னைக் கொலைகாரன்னு பேசினாங்க. இனி நான் பேசறேன். போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். ஆள் மாறாட்டம். இந்தப் பையன் உள்ள போவான்.”

“கொடுங்க. அதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட்டுலேர்ந்து ரெண்டு வரி படிக்கறேன்.” உனைசி ஃபைலைப் பிரித்தாள். “‘மருந்து ஏற்றும்போது நான் அருகில் இருந்தேன். நோயாளியை நானே நேரில் பரிசோதித்தேன். இரு கைகளிலும் நாடி சீராக உள்ளது, வேறுபாடு எதுவும் இல்லை.’ கீழ உங்க கையெழுத்து.”

“ஆமா. அதுக்கென்ன?”

“நீங்க பரிசோதிச்சது சகியுசாவோட கையையா? தொட்ட உடனே தெரியும் டாக்டர். ஊசி போடற இடத்துல பூனை உறுமற மாதிரி அதிரும். வேறுபாடு இல்லன்னு எழுத முடியாது.”

“அதான் சொன்னீங்களே, படுத்திருந்தது இவன்னு. இவன் கையைத்தான் தொட்டேன்.”

“இவன் கையைத் தொட்டு, நாலு வருஷ டயாலிசிஸ் நோயாளிக்கு ரெண்டு கையிலயும் ஊசித் தழும்பே இல்லியேன்னு உங்களுக்குத் தோணலியா?”

டாக்டர் ஃபைலை வாங்கக் கை நீட்டினார்.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றாள் உனைசி. “ஷல்வின் இவனைப் பாத்ததும் பேயைப் பாத்த மாதிரி கப்பைப் போட்டான். செத்தவன்னு நெனச்சவன் நடந்து வந்தா பயம் வரத்தானே செய்யும்? நீங்களும் அதே ஆளைத்தானே முக்கால் மணி நேரம் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க? கதவைத் திறந்து இவன் மூஞ்சியைப் பாத்து என்ன கேட்டீங்க?”

ஷல்வின் தரையைப் பார்த்தபடி சொன்னான். “‘யாரு இந்த ஆளு’ன்னு கேட்டார்.”

மருந்து ஏறும்போது என் பக்கத்தில் நின்றது ஷல்வினும் ஒரு நர்ஸும்தான். அது எனக்கு அப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

“ஒரு தடவை கையைத் தொட்டிருந்தா போதும் டாக்டர்,” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “இவன் போட்ட கேள்விக்குறியை ஒரு தடவை பாத்திருந்தாலும் போதும். என் அண்ணன் உங்களை ஏமாத்தல. ஏமாத்தறதுக்கு நீங்க அங்க இல்லவே இல்ல.”

அவர் எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். “இதை வெளியில சொல்லணும்னா முழுசையும் சொல்லணும். உங்க அண்ணன் தம்பியை ஏமாத்தி சிறுநீரகத்தை வாங்கினான்னு சொல்லணும். ஊரை ஏமாத்தினான்னு சொல்லணும். அவன் பிள்ளைங்க சர்ச்சுல தலை தூக்க முடியுமா? யோசிங்க. எனக்கும் நஷ்டம் இல்லாம, உங்களுக்கும் அவமானம் இல்லாம இதை இங்கேயே விட்டுடலாம்.”

அடிக்க நல்ல தூரம்தான். முஷ்டியும் மடங்கியிருந்தது. உனைசிகூட என்னைத் தடுக்கவில்லை, கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்ட மாதிரியே இருந்தது. ஆனால் அடித்தால் அந்த ஆறு பல்லோடு கணக்கு தீர்ந்துவிடும். அவ்வளவு மலிவாக அவரை விட எனக்கு மனமில்லை.

“ஷல்வின், இவர் சர்டிபிகேட்டோட அடுத்து யாராவது போறாங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேர் சார். அடுத்த மாசம். ஒருத்தருக்கு முப்பத்தொரு வயசு.”

சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

*

கார் அடுப்பு மாதிரி கொதித்தது. அண்ணி ஜன்னலைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் பின் சீட்டில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உனைசி வெளியிலேயே நின்றுகொண்டாள்.

“பேரு கிடைச்சுதா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் மாதத்து சுவா டெஸ்ட், முழுக்கைச் சட்டை, மடித்த சீட்டு, நூல், இந்த டாக்டரின் பொய். எதையும் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன சர்ச் பேச்சையும் சொன்னேன். அவள் அழவில்லை.

“மார்ச்சு,” என்றாள். “மார்ச்சுலதான் திடீர்னு பிள்ளைங்களுக்கு ஒவ்வொருத்தரா கார் ஓட்டக் கத்துக்கொடுத்தார். கடைக்குட்டிக்குக் கால் எட்டாது. தலையணை வச்சு உக்கார வச்சார்.”

நான் முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாதே.” அவள் என் பக்கம் திரும்பினாள். “அவர் உன்கிட்ட உண்மையைச் சொல்லி, எனக்குப் பதிலா படுடான்னு கேட்டிருந்தா, நீ படுத்திருப்பியா?”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தேவையாகவும் இருந்திருக்கலாம்.

“படுத்திருப்பேன் அண்ணி.”

அறைந்தாள். காது ரீங்காரமிட்டது. ரக்பியில் பதினோரு வருடத்தில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. பிறகு ஃபைலைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முழங்காலில் வைத்தாள். தன் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் விரலுக்குள் திணித்தாள்.

“எழுது. புகாருல முதல்ல அந்த டாக்டர் பேரு. அடுத்தது என் புருஷன் பேரு. மூணாவது உன் பேரு. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் என் வீட்டு வாசல்ல கால் வைக்காதே.”

“பிள்ளைங்க...”

“அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். எழுது.”

நான் எழுத ஆரம்பித்தேன்.